தட்டிய கை

என் வாய்க்குப் பயப்படாத ஆள் எங்கள் பஸ் டிப்போவில் கிடையாது. சீட் தைக்கிற பிரிவில் என் மெஷின் ஜன்னலோரம் இருக்கிறது. வண்டி எடுக்கப் போகிற டிரைவர், கண்டக்டர் எல்லாரும் அந்த ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். சிகரெட்டால் ரெக்ஸினில் ஓட்டை போட்டவனையும், பயணிகள் பிளேடால் கீறுவதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வந்தவனையும் அங்கேயே நிறுத்தி, நாலு பேர் முன்னால் நறுக்கென்று கேட்டுத்தான் அனுப்புவேன். பழைய மேனேஜரே என் ஜன்னல் பக்கம் வராமல் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவார். அப்பேர்ப்பட்டவளுக்குப் போன வாரம் பொதுக்கூட்டத்தில் என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் போகிறேன். சொல்வதற்குள் உடம்பு கூசுகிறது.

என் வீட்டுக்காரரும் அதே டிப்போவில்தான். டிரைவர். டிப்போவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘பிரேக்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்க்காமல் வண்டியை ஓர் அடி நகர்த்த மாட்டார். வீட்டிலும் அப்படித்தான். சண்டை போட வேண்டுமென்றால்கூட நிதானமாக யோசித்து, நான் கத்தி முடித்துத் தூங்கிய பிறகுதான் அவருக்குப் பதில் தோன்றும். இப்படிப்பட்ட மனிதரைச் சங்கத்துக்குத் தலைவராக்கினார்கள். “இவரைத் தலைவராப் போட்டா நம்ம பிள்ளைங்க காலத்துலதான் போராட்டம் ஆரம்பிக்கும்” என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

ஆனால் ஊரே அரசாங்கத்துக்கு எதிராகக் கொதித்து எழுந்தபோது, டிப்போ கேட்டில் ஏறி நின்று, “இன்னையிலருந்து ஒரு சக்கரமும் உருளாது” என்று சொன்னவர் அவர்தான். சொன்னபடி உருளவில்லை. பஸ் ஓடாததால் ஆபீஸ் ஓடவில்லை, ஆலை ஓடவில்லை. எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியாத பெருமை.

என் தம்பி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அவனுக்கு மாமாவின் சங்கம் போதவில்லை. ‘கடைசிவரைக் குழு’ என்று ஒன்று இருந்தது. பேச்சுவார்த்தை கிடையாது, சமரசம் கிடையாது, கடைசிவரை என்பதால் அந்தப் பெயர். அதில் போய்ச் சேர்ந்தான். சும்மா சொல்லக்கூடாது, தைரியசாலிகள். சங்கத்துப் பெரியவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, ஆற்றுப் பாலத்தில் துப்பாக்கிக்கு முன்னால் நின்றவர்கள் இந்தப் பையன்கள்தான். என் தம்பியின் தோளை உரசிக்கொண்டு ஒரு குண்டு போனது. அந்தத் தழும்பை நான் அக்கம்பக்கத்தில் எத்தனை பேரிடம் காட்டியிருப்பேன்! அவர்கள் இல்லாவிட்டால் மந்திரிகள் மூட்டை கட்டியிருக்க மாட்டார்கள். அதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

வேலைநிறுத்தம் உச்சத்தில் இருந்தபோதுதான் தம்பி பெண்டாட்டிக்கு வலி கண்டது. குழந்தை குறுக்கே திரும்பியிருந்தது. பக்கத்து வீட்டு நர்ஸ் பார்த்துவிட்டு, “ஆஸ்பத்திரிக்குப் போகலைன்னா ரெண்டு உசிரும் போயிடும்” என்று கையை விரித்துவிட்டாள். ஆம்புலன்ஸ் எதுவும் வெளியே வரவில்லை, டாக்ஸியும் கிடையாது. துப்பாக்கிக்கு முன்னால் நெஞ்சைக் காட்டிய என் தம்பிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடி வந்து என் வீட்டுக்காரர் காலில் விழுந்தான்.

“எந்திரி மச்சான், காலை விடு. காலை விட்டாத்தானே பிரேக் மிதிக்க முடியும்?” என்றார் இவர். அந்த நேரத்திலும் அவருக்கு அப்படித்தான் பேச வரும்.

டிப்போவைத் திறந்து இவரே ஒரு வண்டியை எடுத்தார். கடைசி சீட்டில் அவளைப் படுக்கவைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். தம்பி அவள் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். பாலத்தில் கடைசிவரைக் குழுப் பையன்கள் மறித்தார்கள். இவர் வண்டியை நிறுத்தி இறங்கிக் கெஞ்சினார். உள்ளே யார் என்று சொல்லவில்லை. தம்பி தலையைத் தூக்கவில்லை. எப்படியோ விட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வருவதற்கு முன்னால், அந்த சீட்டிலேயே ரத்தத்தோடு ரத்தமாகப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள். எப்படிப் பிழைத்தாள் என்று டாக்டருக்கே தெரியவில்லை.

மறுநாள் அந்த சீட்டின் உறையைக் கிழித்து எரித்துவிட்டு, புது உறை தைத்துப் போட்டேன். பழுப்பு ரெக்ஸின் தீர்ந்துபோயிருந்தது. பச்சைதான் இருந்தது. அந்த வண்டியில் கடைசி சீட் மட்டும் பச்சையாக இருப்பது இப்படித்தான். “யார்கிட்டயும் சொல்ல வேண்டாம், அவன் குழுவுல தெரிஞ்சா அவனை உரிச்சிடுவாங்க” என்று இவர் சொன்னார். நாங்களும் சொல்லவில்லை.

அரசாங்கம் விழுந்தது. மேனேஜர் ஓடினார். டிப்போ எங்கள் கைக்கு வந்தது. வாரா வாரம் ஒர்க்‌ஷாப் கொட்டகையில் பொதுக்கூட்டம் நடந்தது. கடைசிவரைக் குழு அதில் ஒரு பழக்கம் கொண்டுவந்தது. மைக்கைப் பிடிக்கிறவர் யாராக இருந்தாலும் முதலில் தன் குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறகுதான் மற்றவர்களைப் பற்றியோ மற்றதைப் பற்றியோ பேசலாம். மேலே இருந்தவன் எல்லாம் தன் குறையை மறைத்ததால்தான் நாடு கெட்டது, நாம் அப்படி இருக்கக்கூடாது என்று விளக்கம்.

ஆரம்பத்தில் அது எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா! ஒரு கண்டக்டர், வண்டி ரிப்பேர் என்று பொய் சொல்லி மேட்ச் பார்க்கப் போனதைச் சொன்னான். கொட்டகையே சிரித்தது. வண்டி கழுவுகிற அம்மா ஒருத்தி, பயணி விட்டுப்போன குடையைத் தானே வைத்துக்கொண்டதாகச் சொல்லிவிட்டு, மேலே பேச முடியாமல் தேம்பித் தேம்பி அழுதாள். அப்போது இவர்தான் எழுந்தார்.

“பாவம், அழுவுதுல்ல. கை தட்டுங்கப்பா யாராச்சும்” என்று சொல்லி முதலில் தட்டினார். எல்லாரும் தட்டினோம். அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து யார் குறையைச் சொன்னாலும் கை தட்டுவது வழக்கமாகிவிட்டது. குறை சொன்னவரைத் தனியாக விடக்கூடாது என்று அதற்கும் ஒரு விளக்கம் வந்தது. நான்கூட வெட்டி மிஞ்சிய ரெக்ஸினில் தம்பி குழந்தைக்குத் துணி வைக்க ஒரு பை தைத்ததைச் சொன்னேன். அன்றைக்குக் கிடைத்த கைதட்டல் என் கல்யாணத்தில்கூடக் கிடைக்கவில்லை.

எப்போது அது மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதலில் ஓடிப்போன மேனேஜரின் ஆட்களைக் கூப்பிட்டுத் தங்கள் குறையைச் சொல்லச் சொன்னார்கள். நியாயம்தான் என்று தட்டினோம். பிறகு ஆபீஸ் கிளார்க்குகள். பிறகு ஸ்டோர் கீப்பர். அவர் சொன்ன குறை போதாது, இன்னும் இருக்கிறது, சொல்லு சொல்லு என்றார்கள். அவர் அதற்குமேல் இல்லை என்றார். மலைப்பக்கம் ரோடு போடுகிற முகாமுக்கு அனுப்பினார்கள். அவர் பெண்டாட்டி இன்றைக்கும் டிப்போ கேட்டில் வந்து நின்று, “ஏதாச்சும் சேதி வந்துச்சா?” என்று கேட்டுவிட்டுப் போகிறாள். நாங்கள் எல்லாரும் அந்த நேரத்தில் ஏதாவது வேலையில் மும்முரமாகிவிடுவோம்.

கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது பழைய டைம் கீப்பர். இந்த ஆள் வேலைநிறுத்தத்தின்போது எங்கே இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. வண்டி கொஞ்சம் லேட்டாக வந்தாலும் டிரைவர்களை நிற்கவைத்து வறுத்தெடுத்த மனிதர். அரசாங்கம் விழுந்த மறுநாள் கடைசிவரைக் குழுவில் சேர்ந்து, ஒரே மாதத்தில் பாலத்தில் நின்ற பையன்களுக்கே பாடம் எடுக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டார். சங்கத்துக்காரர்கள் புரட்சிக்குத் தடை என்று பேச ஆரம்பித்தவர் அவர்தான். “நம்ம தலைவருக்குப் பேரே பிரேக்” என்று சொல்வார். அந்தப் பெயரைக் கேட்டு இத்தனை வருஷம் சிரித்த நாங்கள் அப்போதும் சிரித்தோம்.

போன வாரக் கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தம்பி பெண்டாட்டி குழந்தையோடு வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு இன்னும் நிற்க வராது. ஆனால் இவர் கை தட்டச் சொல்லிக் கொடுத்திருந்தார். இவர் முகம் தெரிந்தால் போதும், இரண்டு கையையும் தூக்கித் தட்டும். பாதி நேரம் கை கையில் படாது. “எங்க மருமக மாதிரி கை தட்ட ஊர்லயே ஆள் இல்ல” என்று இவர் தரையில் படுத்துக்கொண்டு பதிலுக்குத் தட்டுவார். நான், “சீட்டுல பொறந்த கழுதைக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுங்க, அதாவது உதவும்” என்பேன்.

அப்போதுதான் டிப்போ ஆள் வந்து சொன்னான். புதன்கிழமை பொதுக்கூட்டத்தில் இவர் பதில் சொல்ல வேண்டுமாம். வேலைநிறுத்தத்தில் ஒரு வண்டி வெளியே போனதாம். அதில் பழைய அரசாங்கத்து ஆட்களைத் தப்பிக்கவைத்ததாகப் பேச்சாம். கணவனுக்காக மனைவியோ, மனைவிக்காகக் கணவனோ பேசக்கூடாது என்பது விதியாம். அதையும் மறக்காமல் என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

“உள்ளதைச் சொல்லிடுங்க” என்றேன்.

“அவனாச் சொன்னா சொல்லட்டும். நான் சொன்னா, நான் தப்பிக்க மச்சானைக் காட்டிக்கொடுத்த மாதிரி இருக்கும்.”

“நீங்க மலைக்குப் போயிட்டா?”

யோசித்தார். குழந்தை பக்கம் திரும்பிக் கை தட்டிக் காட்டினார்.

விட்டேனா? மறுநாளே தம்பி வீட்டுக்குப் போனேன்.

“வாக்கா. டீ போடச் சொல்லவா?”

“டீ குடிக்க வரலை. புதன்கிழமை நீ எந்திரிச்சுப் பேசுவியா, மாட்டியா? அதைச் சொல்லு.”

“மாமா யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொல்லியிருக்காரே…”

“அன்னைக்குக் கால்ல விழாதேன்னும்தான் சொன்னாரு. அதைக் கேட்டியா?”

அவன் தரையைப் பார்த்தான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அவன் பெண்டாட்டி சொன்னாள். “இவர் பேசலைன்னா நான் வர்றேன்க்கா. உள்ள விடலைன்னா கேட்ல நின்னு கத்துறேன். எனக்கென்ன வெக்கம்? என் உசிரு அவர் போட்ட பிச்சை.”

“பேச மாட்டேன்னு சொன்னேனாடி?” என்று அவன் எழுந்தான். “பேசுறேன்க்கா. சத்தியமாப் பேசுறேன். எங்க ஆளுங்க கெட்டவங்க இல்ல. உண்மையைச் சொன்னா கேட்டுக்குவாங்க. பழி முழுக்க என் மேல போட்டுக்கிறேன், போதுமா?”

அவன் கண்ணைப் பார்த்தேன். பொய் இல்லை. என் கையால் சோறு ஊட்டி வளர்த்தவன், அவன் பொய் சொன்னால் எனக்குத் தெரியும். நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். அவன் பொய் சொல்லியிருந்தால்கூட இப்போது அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு இருந்திருப்பேன். அப்படிச் செய்ய முடியாமல் போனதுதான் என் வயிற்றெரிச்சல்.

புதன்கிழமை கொட்டகையில் நிற்க இடமில்லை. பெஞ்சு பற்றாமல் பழைய டயர்களை அடுக்கி உட்கார்ந்திருந்தார்கள். இவர் முன்வரிசை ஓரத்தில், வண்டிக்குப் போகிறபோது போடுகிற அதே நீலச் சட்டையில் இருந்தார். நான் பெண்கள் பக்கம், வண்டி கழுவுகிற அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

டைம் கீப்பர் முதலில் தன் குறையைச் சொன்னார். போன வாரம் கோபத்தில் ஒரு தோழரை அதட்டிவிட்டாராம். அவ்வளவுதான் அவர் குறை! தட்டினோம். பிறகு ஆரம்பித்தார்.

“ஊரே பட்டினி கிடந்து போராடினப்ப, நம்ம டிப்போலருந்து ஒரு வண்டி வெளிய போச்சு. சந்தேகம் இருந்தா அந்த வண்டியைப் போய்ப் பாருங்க. கடைசி சீட் மட்டும் பச்சையா இருக்கும். எதை மறைக்க அந்த சீட்டை மாத்தினாங்க?”

எல்லார் கண்ணும் என்மேல் திரும்பியது. நான் தைத்த சீட். நான் வாயைத் திறக்கக்கூடாது. என் தம்பி இருந்த பக்கம் பார்த்தேன். சொன்ன சொல் தவறாமல் எழுந்தான். மைக்கைப் பிடித்தான். அட, என் சிங்கமே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

“தோழர்களே, முதல்ல என் குறை” என்றான். “அந்த வண்டியில இருந்தது என் மனைவி. பிரசவ வலி. நான்தான் மாமா கால்ல விழுந்து வண்டி கேட்டேன். அந்தப் பச்சை சீட்லதான் என் பொண்ணு பொறந்தா. ஊரே எல்லாத்தையும் விட்டுக்கொடுத்தப்ப, நான் என் குடும்பத்தைப் பெரிசா நினைச்சுட்டேன். வேலைநிறுத்தத்தை உடைச்சுட்டேன். பாலத்துல நம்ம தோழர்கள் மறிச்சப்ப தலையைக் குனிஞ்சு ஒளிஞ்சுக்கிட்டேன். தப்பு. அது என் தப்பு, மாமா தப்பில்ல.”

அவன் குரல் உடைந்தது. கண்ணில் தண்ணீர்.

டைம் கீப்பர் எழுந்து தட்ட ஆரம்பித்தார். சிரித்த முகத்தோடு தட்டினார். அவ்வளவுதான், கொட்டகை முழுக்க இடி இடித்த மாதிரி கைதட்டல். டயர்மேல் இருந்தவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். இவ்வளவு பெரிய குறையை இதுவரை யாரும் சொன்னதில்லை. என் தம்பி, உண்மையைச் சொல்லிவிட்டான், இனி இவருக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குள் பொங்கியது. அப்போதுதான் இவர் திரும்பிப் பார்த்தார். தம்பியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். என் மடியைப் பார்த்தார். நானும் தட்டிக்கொண்டிருந்தேன்.

எதற்குத் தட்டுகிறோம் என்று அந்தப் பார்வையில்தான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண்ணையும் குழந்தையையும் காப்பாற்றியது தப்பு என்று அவன் சொன்னான். அதற்குத் தட்டிக்கொண்டிருக்கிறேன். அவளைப் பிடித்திருந்த அதே கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன். கையை நிறுத்தினேன். நிறுத்தி என்ன புண்ணியம்?

கைதட்டல் அடங்க டைம் கீப்பர் அவசரப்படாமல் காத்திருந்தார். “தப்புன்னு தோழரே ஒத்துக்கிட்டாரு. மனசாரச் சொன்னாரு, நாமளும் மனசாரத் தட்டினோம். ஆக, நடந்தது தப்புங்கிறதுல இங்க யாருக்கும் சந்தேகம் இல்ல. வண்டியைக் கேட்டவர் குறையைச் சொல்லிட்டாரு. வண்டியை ஓட்டினவரு சொல்லட்டும்.”

தம்பி, “இல்ல, நான் சொன்னது…” என்று ஏதோ தொடங்கினான். “நீங்க பேசி முடிச்சாச்சு தோழர். உக்காருங்க. உங்களை நினைச்சாப் பெருமையா இருக்கு” என்று அவன் தோளைத் தட்டி, குண்டுத் தழும்பு இருக்கிற அதே தோளைத் தட்டி, உட்காரவைத்தார். அவனும் உட்கார்ந்தான். பாலத்தில் துப்பாக்கிக்கு எதிரில் உட்காராதவன் உட்கார்ந்தான்.

இவர் மைக்குக்குப் போனார். வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டார்.

“என் குறையா? இருக்கு” என்றார். கொட்டகையில் ஒரு பெருமூச்சு கேட்டது. எல்லாருக்கும் அவர்மேல் பாசம்தான். ஒரே ஒரு வார்த்தை, தப்பு என்று சொல்லிவிட்டால் தட்டி அனுப்பிவிடலாம் என்று கைகள் எல்லாம் தயாராக இருந்தன.

“அன்னைக்குப் பாலத்துல பசங்க மறிச்சப்ப வண்டியை நிறுத்திட்டேன். இறங்கிக் கெஞ்சிக்கிட்டு நின்னேன். உள்ள அந்தப் பொண்ணு ரத்தமாக் கொட்டிக்கிட்டிருந்தா. வீணாப் போன ஒவ்வொரு நிமிஷமும் அவ உசிரு. நான் நிறுத்தியிருக்கக்கூடாது. பிரேக் போட்டதுதான் என் குறை. வேற குறை இல்ல. நாளைக்கு வேற ஒருத்தி துடிச்சாலும் வண்டி எடுப்பேன்.”

முதல் முறையாக, குறை சொன்ன ஒருவருக்கு யாரும் கை தட்டவில்லை. வண்டி கழுவுகிற அம்மா இரண்டு கையையும் நெஞ்சுவரை தூக்கினாள், அக்கம்பக்கம் பார்த்தாள், முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி இறக்கிக்கொண்டாள். மனைவி பேசக்கூடாது என்றுதான் விதி. தட்டக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நான் தட்டியிருக்கலாம். வாய்க்காரி, டிப்போவையே ஆட்டிவைக்கிறவள், மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயம். வேறு எந்த மண்ணாங்கட்டியும் இல்லை, பயம்.

முகாம் என்று முடிவானது. அதே கூட்டத்தில் என் தம்பியை டிப்போ பொறுப்பாளர் ஆக்கினார்கள். குறையை இவ்வளவு துணிச்சலாகச் சொன்னவர்தான் தலைமைக்குத் தகுதியாம். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டலைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு அதற்கும் தட்டினார்கள்.

அன்று மாலை இவர் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். மலையில் குளிரும் என்று பழைய ஸ்வெட்டரைத் தேடினார். நான் எடுத்துக் கொடுத்தேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“கொட்டகையில அவ்வளவு பேர் தட்டியும் உன் கைச் சத்தம் மட்டும் தனியாக் கேட்டுச்சு” என்றார். “ரெக்ஸின் தைச்ச கையில்ல? பலகையில அடிச்ச மாதிரி இருந்துச்சு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். குத்தலாக இல்லை. சீட்டில் தையல் கோணலாகப் போனால் கிண்டல் செய்வாரே, அந்தச் சிரிப்பு.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. “திட்டுங்களேன். ஒரு வார்த்தை திட்டித் தொலைங்களேன்” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“எதுக்குத் திட்டணும்? நான் ஆரம்பிச்சு வச்ச பழக்கம்தானே” என்றார். பிறகு ஸ்வெட்டரை உதறிப் பார்த்து, “இதுல பட்டன் இல்ல பாரு” என்றார். பட்டன் தைத்துக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதானே.

முகாமுக்குப் போகிறவர்களை டிப்போ வண்டியிலேயே ஏற்றி அனுப்புவார்கள். மறுநாள் காலை ஷிஃப்ட் தொடங்குகிற நேரம். எல்லாரும் கேட்டருகே வரிசையாக நிற்க வேண்டும், பேசக்கூடாது, அதுவும் ஒரு விதி. எத்தனையோ வண்டி இருக்க, அந்தப் பச்சை சீட் வண்டியைத்தான் எடுத்திருந்தார்கள். வேண்டுமென்றே செய்தார்களா, அதுதான் கையில் கிடைத்ததா, தெரியவில்லை. முகாமுக்குப் போகிற மற்ற டிப்போ ஆட்கள் முன்னாலெல்லாம் உட்கார்ந்திருந்ததால் இவருக்குக் கடைசி சீட்தான் கிடைத்தது. உட்கார்ந்ததும் உறையைத் தடவிப் பார்த்தார். தையலைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

தம்பி பொறுப்பாளர் அல்லவா, அவன்தான் கேட்டைத் திறக்கச் சொல்லி விசில் ஊத வேண்டும். கழுத்தில் விசில் தொங்க, ராத்திரி முழுக்கத் தூங்காத முகத்தோடு நின்றான். என் பக்கம் அவன் பார்க்கவில்லை. நானும் அவனைப் பார்க்கவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், இரண்டு பேரும் ஒரே எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்போது அவன் பெண்டாட்டி தெருவிலிருந்து வேகமாக வந்தாள். காவலாள் மறித்தான், அவனைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தாள். குழந்தையைத் தம்பி கையில் திணித்துவிட்டு, நேராக வண்டியின் கடைசி ஜன்னலுக்குப் போனாள். கம்பிக்குள் கையை விட்டு இவர் கையைப் பிடித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, “அண்ணே, அண்ணே” என்று ஊர் கேட்க அழுதாள். அத்தனை பேர் நின்ற இடத்தில் அவள் ஒருத்திதான் தலைநிமிர்ந்து அழுதாள். நாங்கள் எல்லாரும் விதியை மதித்தோம்.

“போம்மா, வண்டி நகரப்போகுது. தள்ளி நில்லு” என்றார் இவர்.

எஞ்சின் உறுமியது. சத்தம் கேட்டுக் குழந்தை திரும்பியது. தன் அப்பா தோளின் மேலாக ஜன்னலில் மாமா முகத்தைப் பார்த்துவிட்டது. அவ்வளவுதான், உடம்பெல்லாம் குலுங்க இரண்டு கையையும் தூக்கித் தட்ட ஆரம்பித்தது. நாங்கள் யாரும் வாய் திறக்காமல் நின்ற அந்த இடத்தில், எஞ்சின் சத்தத்தையும் மீறி அந்தப் பொட்டுக் கைகளின் சத்தம் டப்டப் என்று கேட்டது. இவர் முகம் மலர்ந்துவிட்டது. ஜன்னல் வழியாக இரண்டு கையையும் வெளியே நீட்டி, பதிலுக்குத் தட்டினார்.

டைம் கீப்பர் திரும்பிப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

என் தம்பி குழந்தையின் இரண்டு கையையும் தன் ஒரு கையால் சேர்த்துப் பிடித்தான். இறுக்கமாகக்கூடப் பிடிக்கவில்லை, மெதுவாகத்தான் பிடித்தான். குழந்தை திமிறிப் பார்த்தது. முகத்தைச் சுளித்து அழத் தொடங்கியது. அவன் மற்ற கையால் விசிலை எடுத்து வாயில் வைத்தான். ஊத மூச்சு வரவில்லை. இரண்டாம் முறை ஊதினான்.

வண்டி நகர்ந்தது. கடைசி ஜன்னலில் இவர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். குழந்தை தட்டுவது நின்றுவிட்டது அவருக்குத் தெரிந்திருக்காது. யாராவது பதிலுக்குத் தட்டுவார்கள் என்று பார்த்துக்கொண்டே போனார். தம்பி கையில் குழந்தை இருந்தது, விசில் இருந்தது. அவன் பெண்டாட்டி முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். என் இரண்டு கைகளும் சும்மாதான் இருந்தன.